இரும்புக் கையின் ஸனது

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டிய பழைய பேப்பர் கடை ஒன்றில் சென்ற ஆண்டு ஒரு சிறு நூலைக் கண்டெடுத்தோம். நாம் தேடிச் சென்றது வேறு. அரபுத் தமிழில் அச்சான பழைய மாலைகளும் முனாஜாத்துகளும் சில வேளைகளில் இத்தகைய கடைகளுக்கு நிறுவைக் கணக்கில் வந்து சேர்வதுண்டு. அறியாதவர் கையில் அவை பொட்டலத் தாளாகிவிடுமே என்னும் அச்சத்தால், மாதம் ஒருமுறை அங்குச் சென்று கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். அன்று கைக்கு வந்தது கிதாபு அன்று, படக்கதை. அட்டை இல்லை, முதல் ஏட்டையும் காணோம், கடைசியில் எத்தனை பக்கங்கள் போயின என்றும் தெரியவில்லை. நடுவே திறந்த பக்கத்தில் ஓர் அறை. மேசை, விளக்கு, வாய் பிளந்து நிற்கும் காவலாளி. அவனுக்கு எதிரே அந்தரத்தில் மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு கை. இரும்புக் கை. கைக்கு உரியவன் படத்தில் எங்குமில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆயினும் அந்தக் கையைப் பார்த்த கணத்தில் மத்ரஸா விடுதியின் மண்ணெண்ணெய் விளக்கு வாசனை நம் நாசியில் ஏறிவிட்டது என்றால், வாசகர்களில் நம் வயதினர் நம்புவார்கள். 1982-ஆம் ஆண்டளவில், ஸர்பு பாடத்தின் வினை வாய்பாடுகளை மனனம் செய்துகொண்டிருந்த பருவத்தில், ஊருக்குப் போய் வந்த சக மாணவர் ஒருவர் போர்வைக்குள் ஒளித்துக் கொண்டு வந்த பொக்கிஷம் அது. ஐந்து பேர் முறை வைத்துப் படித்தோம். ஆறாவதாக உஸ்தாது அவர்கள் பார்த்துவிட்டார்கள். நூல் பறிபோயிற்று, கதையின் முடிவும் அதனோடு போயிற்று.

இதைக் குறையாகச் சொல்ல நமக்கு வாயில்லை. ஏனெனில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து, நாமே ஆசிரியராக இருந்த இடத்தில், ஒரு மாணவரின் பையிலிருந்து இதே போன்றதொரு நூலை எடுத்து, வகுப்பின் முன்னிலையில் இரண்டாகக் கிழித்தோம். உஸ்தாது அவர்களாவது கிழிக்கவில்லை. அந்த மாணவர் அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கிழிந்த இரு பாதிகளையும் குனிந்து பொறுக்கிக்கொண்டார். அதன் பின்னர் பாடநூல் தவிர வேறெந்தத் தமிழ் நூலையும் அவர் கையில் நாம் பார்த்ததில்லை.

பத்து ரூபாய் கொடுத்து அந்நூலை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கல்லூரியில் பயிலும் நம் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதினார்கள், அத்தா?" என்று கேட்டார். ஒரு செய்தியைக் கேட்டால் அதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று ஸனதைக் கேட்கும்படி பழக்கப்பட்டவர்கள் நாம். ராவியின் பெயர் தெரியாவிட்டால் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கி வைக்கக் கற்றவர்கள். இத்தனை ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்த ஒரு கதைக்கு ஒரு ராவியின் பெயரையும் நாம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹதீதுக் கலையின் கண்ணியத்துக்கும் இதற்கும் ஒப்புமை காட்ட வரவில்லை. பழகிய கருவியை எடுத்துப் பழகாத நிலத்தைத் தோண்டிப் பார்த்தோம், அவ்வளவே.

முதல் கண்ணி சிவகாசியில் இருக்கிறது. வெடிக்கும் தீப்பெட்டிக்கும் நாட்காட்டிக்கும் பெயர் பெற்ற அவ்வூரில், அச்சுத் தொழிலில் இருந்த சௌந்தரபாண்டியன் என்பவர் 'முத்து காமிக்ஸ்' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் இதழாக 1972-இல் வந்ததுதான் 'இரும்புக்கை மாயாவி'. குழந்தை எழுத்தாளர் முல்லை தங்கராசன் தொடக்க காலத்தில் ஆசிரியராக இருந்தார். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்' என மாயாவியின் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்நாளில் தமிழில் படக்கதை இல்லாமலில்லை. பம்பாயின் பெரிய பத்திரிகை நிறுவனம் 'இந்திரஜால் காமிக்ஸ்' வரிசையைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்தி வந்தது. சிவகாசிக்காரர்களுக்குப் பின்னால் அப்படியொரு பெருநிறுவனம் இல்லை. அவர்களிடம் இருந்தவை சொந்த அச்சுத் தொழிலும், ரயில் நிலையக் கடைகளும், சிறுவர்களின் சில்லறைக் காசுமே. 1984-இல் அவருடைய மகன் விஜயன், 17 வயதில், 'லயன் காமிக்ஸ்' என்னும் இரண்டாம் வரிசையைத் தொடங்கினார். இடையிடையே தடைப்பட்டும், 2012-இல் வண்ண அச்சோடு புத்துயிர் பெற்றும், 2022-இல் முத்து காமிக்ஸ் தன் ஐம்பதாம் ஆண்டைக் கண்டது. சந்தாக்காரர்களின் முன்பணத்தால் அரை நூற்றாண்டைக் கடந்த தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை? நம் சமுதாயத்தில் தோன்றி மறைந்த ஏடுகளை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இரண்டாம் கண்ணி கடல் கடந்தது. மாயாவி தமிழன் அல்லன். இலண்டனில் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழ் பிறந்தது. அதன் முதல் இதழிலேயே இக்கதையும் தொடங்கிற்று. (நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 16-இல். நம் ஊரார் கொடி மாறிய கதையைப் பேசிக்கொண்டிருந்த வாரங்களில் இந்த இரும்புக் கை உருவாகிக்கொண்டிருந்தது என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.) கதைத்தலைவன் பெயர் லூயி கிராண்டெல். ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தொன்றில் வலக் கையை இழந்து, அவ்விடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டவன். பின்னொரு நாள் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த வெடிப்பில் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது, உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் மறைவதில்லை.

வார இதழில் ஒவ்வொரு வாரமும் சில பக்கங்களே இடம். அடுத்த வாரமும் சிறுவன் காசு கொடுக்க வேண்டுமாயின், அந்தச் சில பக்கங்களின் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஏதேனும் ஆபத்தில் தொங்க வேண்டும். தமிழில் முழுக்கதையும் ஒரே நூலாக வந்தபோது இந்த ஆபத்துகள் எல்லாம் நெருங்கி அடுக்கி வந்தன. சில ஏடுகளுக்கு ஒருமுறை நம் இதயம் ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்பதன் காரணம் நாற்பது ஆண்டு கழித்துத்தான் விளங்கிற்று!

இதை எழுதியவர் யார்? அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ பொதுவாக அச்சிடப்படுவதில்லை. ஓவியர் படத்தின் மூலையில் கையொப்பமிட்டாலும் வெள்ளை மை பூசி மறைத்துவிடுவார்கள். உடல் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதனின் கதையை, பெயர் மறைந்து கைவேலை மட்டும் தெரிந்த மனிதர்கள் உருவாக்கினார்கள். பின்னாளில் ஆர்வலர்கள் தேடித் தொகுத்ததால் இன்று நமக்குப் பெயர்கள் கிடைக்கின்றன. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர். 1921-இல் பிறந்து 2005-இல் மறைந்த ஆங்கில விஞ்ஞானப் புனைகதையாளர். பல புனைபெயர்களில் எழுதிக் குவித்தவர். அவருக்குப் பின் தொடர்ந்தவர் டாம் டல்லி. வரைந்தவர் ஆங்கிலேயரே அல்லர். பார்சலோனாவில் 1919-இல் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். நம்மவர் பிள்ளைகளுக்கு ஈஸா என்று பெயரிடுவது போல அந்நாட்டார் இடும் பெயர் அது. இளமையிலேயே 'கூட்டோ' என்னும் சிறுவன் கதையால் தம் நாட்டில் புகழ் பெற்ற அவர், தம் உடன்பிறந்தாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு வரைந்தார். ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி நடந்த காலம். உள்ளூர்க் கூலியைவிட இலண்டன் தரும் கூலி மேலானதாக இருந்ததால், அந்நாட்டு ஓவியர் பலர் முகவர்கள் வழியாக ஆங்கில இதழ்களுக்கு வரைந்து அனுப்பினர்.

கண்டெடுத்த ஏடுகளை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தோம். சிறுவயதில் கதையின் ஓட்டத்தில் கவனிக்காதது இப்போது கண்ணில் பட்டது. அந்த ஓவியர் நிழலை வரைகிறார். முகத்தின் பாதி கருமை, சுவரில் சாய்ந்த கருமை, படிக்கட்டில் மடிந்து இறங்கும் கருமை. எல்லாம் நிகழக்கூடியது என்று நம்ப வைக்கும் அளவுக்கு அறையும் தெருவும் மெய்யாக இருக்கின்றன. அந்த மெய்க்கு நடுவே ஒரேயொரு பொய்யை, ஆளில்லாத கையை, வைக்கிறார். மட்டமான தாளில், படிகளின் படியாக அச்சேறிய பின்னரும் அது அழியவில்லை.

இங்கு ஒரு விலகல். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேனாட்டார் எதைச் செய்தாலும், "இது எங்கள் முன்னோர் அன்றே செய்தது" என்று உடனே உரிமை கொண்டாடுவது. விஞ்ஞானக் கதைக்கும் அப்படி உரிமை கோரும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நுரையீரல் வழியே குருதி ஓடுவதை விளக்கிய மருத்துவ மேதை இப்னு நபீஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதிய 'அர்ரிஸாலத்துல் காமிலிய்யா'வை முதல் விஞ்ஞானக் கதை என்பார்கள். தனித் தீவில் தானாகத் தோன்றி, தன் அறிவாலேயே உலகை அறியும் காமில் என்பவனின் வரலாறு அது. உலக முடிவின் அடையாளங்களைச் சூரியப் பாதையின் சாய்வு மாறுவதைக் கொண்டு வானநூல் வழியில் விளக்கும் பகுதியும் அதில் உண்டு. வியக்கத்தக்க நூலே. ஆயினும் அதை எழுதியவர் நோக்கம் மார்க்க உண்மைகளை அறிவின் வழியே நிறுவுவது. சிறுவரின் நெஞ்சைத் துடிக்க வைப்பதன்று. அவர்களுக்கு உரிய பெருமையே பெரிது. இரவல் பெருமை எதற்கு?

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. படத்தோடு கதை சொல்லும் வழக்கம் நம் நூல்களுக்குப் புதிதன்று. இந்நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகம் வழியாகச் சென்று, இப்னுல் முகப்பஃ அவர்களால் அரபியில் 'கலீலா வதிம்னா' ஆயிற்று. படங்கள் வாசகரின் மனத்துக்கு உவகை தரவே இடப்படுகின்றன என்னும் கருத்து அதன் முன்னுரையிலேயே உண்டு. ஹரீரியின் மகாமாத்துக்கு வாஸிதீ என்னும் எழுத்தரும் ஓவியருமானவர் ஹிஜ்ரி 634-இல், அதாவது 1237-இல், எழுதி வரைந்த ஏடு இன்று பாரிசின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மகாமாத்தின் சொற்சிலம்பத்தை மத்ரஸாவில் உரை நூல்களோடு மல்லுக்கட்டிப் படித்த நமக்கு, அந்த ஏட்டின் படங்களை அச்சில் முதன்முதல் பார்த்தபோது அபூ ஸைதின் தந்திரம் ஒரு நொடியில் விளங்கியது. 1206-ஐ ஒட்டி ஜஸரீ அவர்கள் ஐம்பது பொறிகளைப் படத்தோடு விளக்கிய நூலும் அவ்வாறே. யானைக் கடிகாரத்தின் உள்ளே நீர் எப்படி இறங்குகிறது என்பதைப் படமின்றி எந்த உரையாசிரியரால் விளக்க முடியும்? உருவப் படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஆலிம்கள் ஆய்ந்து சொல்ல வேண்டியது. அதில் நாம் புகவில்லை. படத்தோடு கதை என்பதே அந்நியம் என்று எண்ணி நாம் கிழித்தோமே, அந்த எண்ணம் அறியாமை என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

மறையும் மனிதன் என்னும் கருத்தின் மூலம் எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட நாவல் என்று எல்லாரும் சொல்வர். அதற்கும் அப்பால், அணிந்தவரை மறைக்கும் மோதிரத்தின் கதை பிளாட்டோவின் நூலில் இருக்கிறது. ஓர் இடையன் அதை அணிந்து அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். யாரும் காணமாட்டார்கள் என்றால் மனிதன் நல்லவனாக இருப்பானா என்பதே அங்குக் கேள்வி. கிராண்டெலின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத் தொடரின் முதற்கதையில் அவன் வீரனல்லன், குற்றவாளி. தன்னை யாரும் காண முடியாது என்றதும் கொள்ளையில் இறங்கி, நியூயார்க் நகரையே அழித்துவிடுவதாக மிரட்டும் அளவுக்குப் போகிறான். பின்னரே திருந்தி, உளவுப் படையில் சேர்ந்து, நல்லார் பக்கம் நிற்கிறான். இஹ்ஸான் என்பதன் விளக்கத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். நாம் அவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற அந்தப் பாடத்தை நடத்த, வகுப்பிலிருந்த ஒரு பையிலேயே எடுத்துக்காட்டு இருந்தது. அதைத்தான் கிழித்தோம்.

விஞ்ஞானம் என்ற அளவில் கதை நிற்குமா என்றால், நிற்காது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் இப்னுல் ஹைதம் அவர்கள் நிறுவி ஆயிரம் ஆண்டாகிறது. உடல் முழுதும் ஒளி ஊடுருவிச் செல்லுமாயின் கண்ணும் ஒளியைப் பிடித்து வைக்காது. மறைந்த மனிதன் அக்கணமே குருடனாக வேண்டும். ருஷிய அறிவியல் எழுத்தாளர் பெரெல்மான் வெல்ஸின் நாவலுக்கு எதிராக இந்த வாதத்தையே வைத்தார். மகளிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் அவன் சுவரில் முட்டிக்கொண்டேதான் கொள்ளையடிக்க வேண்டும்" என்று சிரித்தார். ஒளியியலின் முதற்பாடம் நம் வீட்டில் இவ்வளவு எளிதில் நடந்ததில்லை.

மாயாவிக்குப் பின்வந்தவர்களையும் ஓரளவு தேடினோம். லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டு வந்தவர்களில் 'ஸ்பைடர்' என்னும் குற்றச் சக்கரவர்த்தியும், வாசகர்கள் 'சட்டித்தலையன்' என்று செல்லமாக அழைத்த ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனும் உண்டு. ஸ்பைடரின் பெரும்பாலான கதைகளை எழுதியவர் யார் என்று அறிந்தபோது திகைத்தோம். ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-இல் அவரும் ஓவிய நண்பர் ஜோ ஷஸ்டரும் அந்த வீரனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். வழக்காடியும் பயனின்றி, தம் படைப்பு பிறர்க்குக் கோடிகளை ஈட்டித் தருவதைப் பார்த்துக்கொண்டே, 1960-களில் இலண்டன் இதழுக்குப் பெயரில்லாமல் எழுதிப் பிழைத்தார். 1975-இல்தான் அமெரிக்க நிறுவனம் இருவர்க்கும் ஆண்டுத் தொகையும், சூப்பர்மேன் கதைகளில் பெயரும் தர இசைந்தது. சிவகாசியில் அச்சான ஸ்பைடர் கதையைப் பத்துப் பைசா வாடகைக்கு எடுத்துப் படித்த நம் சிறுவர்கள், சூப்பர்மேனின் தந்தையைப் படிக்கிறோம் என்று அறிந்திருக்க வழியில்லை.

புதுச்சேரியில் வாழ்பவர்களாதலின் பிரெஞ்சுக்காரரையும் ஒரு சொல் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் நாட்டில் படக்கதை பெரியவர்களும் வெட்கமின்றிப் படிக்கும் இலக்கிய வகை. படைத்தவர் பெயர் அட்டையிலேயே நிற்கும். அங்கும் பத்திரிகை முதலாளிகளின் கட்டுப்பாடு போதும் என்று எண்ணிய ஓவியர் சிலர் 1974-ஆம் ஆண்டின் இறுதியில் தாமே ஒரு பதிப்பகம் அமைத்து, விஞ்ஞானக் கதைகளுக்கெனத் தனி இதழ் தொடங்கினர். 'மெத்தால் உர்லான்' என்பது அதன் பெயர். அவர்களுள் ஒருவர் ழான் ழிரோ. விஞ்ஞானக் கதைகளில் 'மோபியுஸ்' என்று கையொப்பமிட்டவர். அவ்விதழில் வந்தவை யாவும் நம் இல்லங்களில் வைக்கத் தக்கவை என்று சொல்லமாட்டோம். ஆனால் அதே ழிரோவின் கையால் உருவான குதிரை வீரன் 'கேப்டன் டைகர்' என்னும் பெயரில் லயன் குடும்பத்தின் வழியே தமிழுக்கு வந்துவிட்டான். புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றவர்கள் மூலத்தில் படித்ததை, பிரெஞ்சு அறியாத நாம் சிவகாசியின் புண்ணியத்தால் படித்தோம்.

தேடல் இவ்வளவில் முடிந்தது. சென்ற ரமளானுக்கு முன், அக்காலத்தில் நூல் கிழிபட்ட மாணவரை ஒரு திருமண விருந்தில் சந்தித்தோம். இப்போது அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் தயங்கித் தயங்கி அந்நாளைக் குறிப்பிட்டோம். அவர் மறந்திருப்பார் என்றே எண்ணினோம். "பசை போட்டு ஒட்டினேன், ஹஜ்ரத்து. நடுவிலே ஒரு பக்கம் மட்டும் சேரவில்லை" என்றார். மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ரெட்டியார்பாளையத்தில் கிடைத்த அந்நூலுக்குக் காலிகோத் துணி ஒட்டி அட்டை கட்டினோம். முதல் ஏடு இல்லாத இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, நம் கையெழுத்தில் வரிசையாக எழுதினோம்: எழுதியவர் கென் பல்மர், அவருக்குப் பின் டாம் டல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழில் பதிப்பித்தவர் சௌந்தரபாண்டியன். ஆசிரியர் முல்லை தங்கராசன். அதன் கீழே, ஆங்கில எழுத்தை அகற்றிவிட்டு அந்தச் சிறு வட்டங்களுக்குள் தமிழ் எழுத்தை அடக்கிப் பொருத்திய அச்சகத் தொழிலாளிக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டோம். நூலை அந்த மாணவரின் மூத்த மகனுக்குக் கொடுத்தனுப்பினோம். கடைசிப் பக்கங்கள் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.